பெயர் பொறிக்காத கல்

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரம், எண்பது வயது கடந்த பங்கு அம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சாமி, எங்க அப்பா பர்மா சண்டைக்குப் போனவர் திரும்பி வரல. அம்மா கல்லறையில அவர் பேரையும் வெட்டி வைக்கணும்" என்றார். தறியில் தேய்ந்த விரல்களுக்குள் கொஞ்சம் பணத்தை மடித்து வைத்திருந்தார்.

"அங்கே அடக்கம் ஆகாதவர் பெயரை எப்படி எழுதுவது, அம்மா? பூசையில் வாசித்துவிடுகிறேன்" என்றேன். அவர் மறுமொழி பேசாமல் போய்விட்டார்.

சில நாள் கழித்து, காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூருக்குச் செல்ல நேர்ந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அங்கேதான் முறியடித்தனர். துணைக்கு வரவேண்டிய மன்றோவின் படை அப்போது காஞ்சியில் இருந்தது. 1781 ஆகஸ்டு 27 அன்று அதே மண்ணில் மீண்டும் போர் மூண்டது. அதில் மாண்ட ஹிஸ்லாப், பிரவுன் என்னும் இரு ஆங்கில அதிகாரிகளுக்கு இரண்டு நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் நான் அங்குக் காணவில்லை. எதிரணியில் விழுந்தவர் பெயரும் இல்லை.

அந்நியக் கம்பெனியின் கூலிக்குச் சண்டையிட்டவர்கள்தாமே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அதே கம்பெனிக்காக மடிந்த அதிகாரிகளுக்குக் கல் கிடைத்ததே! பட்டுச்சேலையைப் பார்ப்பவர் கண் சரிகையில் நிற்கிறது; சேலையைத் தாங்கும் பாவு நூலை யாரும் வியப்பதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவுகள் போரிட்டன. அவர்களுக்கான நினைவிடம் வாஷிங்டன் நகரில் 1998-ஆம் ஆண்டில்தான் எழுந்தது. போர் முடிந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எனினும் அப்படைப்பிரிவுகளில் பணியாற்றிய 2,09,145 பேரின் பெயர்களையும் அங்கே பொறித்தார்கள். 'வீரர்கள்' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரையும் அடக்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் காணாமற்போன மனிதனை அவனுடைய பெயரால் அன்றி வேறு எதனால் திரும்ப அழைப்பது?

அந்த இரு தூண்களின் நிழலில் நின்றபோது எனக்கு அந்த அம்மாவின் மடித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. பிறர் செய்த மறதியைக் கண்டு வருந்திய நான், அதையே என் அறையில் அமர்ந்து செய்திருந்தேன். அதற்கு விதி என்றும் பெயரிட்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்று, "பெயரை வெட்டச் சொல்லலாம், அம்மா" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "செத்த வருசம் தெரியாதே சாமி, என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

ஆண்டு எதுவும் போடவில்லை. அவர் மனைவியின் பெயருக்குக் கீழே அவர் பெயர் மட்டும் இருக்கிறது.