ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போன கதை

1/ கோல்ஃப் ஆடறவங்க தூரம் பார்க்கும் லேசர் கருவி ஒன்று வாங்கலாம்னு மூன்று கருவிகளை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். எதை வாங்கினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் வேறொன்று தெரிய வந்தது. கோல்ஃப் ஆடாதவங்களும் படிக்கலாம், உங்களுக்கும் வேலை இருக்கு. நீண்ட இழை.

2/ "டாக்டர்னா கோல்ஃப்தானா?"னு கேட்கத்தான் செய்வீங்க. ஐம்பதைத் தாண்டிய பிறகு நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். நடக்க ஒரு சாக்கு கிடைத்ததேனு போனேன், ஒட்டிக்கொண்டது. ஆட்டம் இன்னும் சுமார்தான்.

3/ கருவி எதுக்கு? பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் பந்து ஒவ்வொரு தூரம் போகும். கொடி இருப்பது 140 கெஜத்திலா, 155 கெஜத்திலானு தெரியாவிட்டால் எந்த மட்டையை எடுப்பது? கண்ணளவு ஏமாற்றும். மலைப்பாங்கான இடத்தில் கேட்கவே வேண்டாம்.

4/ வேலை செய்யும் விதம் எளிது. பொத்தானை அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கிளம்பும், கொடியில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். நம்ம ஸ்கேன் மெஷின் ஒலியை வைத்துச் செய்வதை இது ஒளியை வைத்துச் செய்கிறது, அவ்வளவுதான்.

5/ ஆனால் கணக்கைப் பாருங்க. 150 கெஜம் என்பது சுமார் 137 மீட்டர். ஒளி அங்கே போய்வர ஒரு மைக்ரோவினாடிகூட ஆகாது. ஒரு கெஜம் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் சுமார் 6 நானோவினாடி வித்தியாசத்தை அந்தக் குட்டிப் பெட்டி பிரித்தறிய வேண்டும். முதன்முதலில் இது புரிந்தபோது கொஞ்சம் அசந்துதான் போனேன்.

6/ முதல் சோதனை, கல்லூரி மைதானம். 100 மீட்டர் ஓடுதளம் ஏற்கனவே அளந்து போட்ட கோடு. கெஜக் கணக்கில் 109.4. விடிகாலையில் ஆளில்லாத நேரத்தில் ஒரு முனையில் பெரிய அட்டைப்பெட்டியை வைத்து, மறு முனையிலிருந்து பத்துப் பத்து தடவை அளந்தேன். மூன்று கருவியும் 109, 110க்குள்தான் காட்டின. விலை வித்தியாசம் மூன்று மடங்கு, தூரத்தில் வித்தியாசம் இல்லை.

7/ அட்டைப்பெட்டி வேறு, கொடி வேறு. கொடிக்கம்பு மெலிசு, பின்னால் மரங்கள். லேசர் கொடியைத் தவறவிட்டால் மரத்தில் பட்டுத் திரும்பி மரத்தின் தூரத்தைச் சொல்லிவிடும். அதனால்தான் கோல்ஃப் கருவிகள் பல பொருட்கள் தெரிந்தால் முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கொடி கிடைத்ததும் கையில் லேசாக ஒரு அதிர்வு கொடுக்கும் மாடல்களும் உண்டு.

8/ இரண்டாவது சோதனை, ஊட்டி. கோவையிலிருந்து சனிக்கிழமை ஏறினோம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். சாதாரணக் கருவிக்கு இதெல்லாம் தெரியாது, அது நேர்கோட்டுத் தூரத்தை மட்டும்தான் சொல்லும். மிச்சக் கணக்கு நம்முடையது.

9/ முதல் கருவியை எடுத்துக் கொடியைப் பார்த்தேன். 152. மறுபடி அமுக்கினேன், 178. மறுபடி 153. அப்புறம் 181. "இது தேறாது"னு பையில் போட்டேன். இரண்டாவதை எடுத்தேன். அதே கதை. மூன்றாவது, விலை கூடினது, அதுவும் அப்படியே. மூன்றும் மட்டம்னு முடிவு கட்டினேன்.

10/ கூடவே வந்த கேடி அண்ணன் (போலீஸ் கேடி இல்லீங்க, பையைச் சுமந்து வழி சொல்பவர்) ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் பல வருஷம் நடந்தவர், கருவியே இல்லாமல் "150க்கு மேல ரெண்டு மூணு இருக்கும் சார்"னு முதலிலேயே சொல்லியிருந்தார். மெதுவாகச் சொன்னார்: "சார், கொடி நிக்குது. உங்க கைதான் ஆடுது."

11/ சிரித்துவிட்டேன். காபி அதிகமாயிடுச்சு, மேடு ஏறி மூச்சு வாங்குதுன்னேன். நண்பர் கருவியை வாங்கி அமுக்கினார். 152, 152, 153, 152. மூன்று கருவியிலும் அவருக்குக் கிட்டத்தட்ட ஒரே எண். என்னைவிட அவருக்கு ஆறு வயது அதிகம்.

12/ கை எவ்வளவு ஆடினால் கொடி தப்பும்? கொடித்துணி அரை மீட்டர் அகலம்னு வைங்க. 137 மீட்டரில் அது 0.2 டிகிரிதான். கருவியின் நீளம் 10 செ.மீ. என்றால் அதன் முன்முனை அரை மில்லிமீட்டர்கூட நகர வேண்டாம், கொடி போய்விடும். இதில் 6 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேறு, நடுக்கத்தையும் 6 மடங்காகத்தான் காட்டும்.

13/ அப்போதும் என் புத்தி எங்கே போச்சு தெரியுமா? இதற்கென்றே கை அசைவை ஈடுகட்டும் கருவிகள் உண்டு. நிகான் கூல்ஷாட் வரிசையில் ஸ்டெபிலைஸ்டு மாடல் இருக்கு. "அதை வாங்கினா தீர்ந்தது"னு ராத்திரி அறையில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் காட்டினேன். "என்னங்க, போனை அசைக்காம பிடிங்க, எனக்குப் படிக்க முடியலை" என்றாள்.

14/ அடுத்து அவள் கேட்டதுதான் முக்கியம். "இந்த ஊர்ல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. உங்களுக்கு மட்டும் எப்படி வேர்க்குது?"

15/ போனைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் நீட்டி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தேன். தினமும் நோயாளிகளுக்கு நான் செய்து பார்ப்பது. தாள் படபடத்தது. நாடி பார்த்தேன், உட்கார்ந்த நிலையில் 112. மூன்று மாதத்தில் 5 கிலோ இறங்கியிருந்தேன். சாப்பாடு குறையவில்லை, கூடியிருந்தது. "கோல்ஃப் நல்லா வேலை செய்யுது டாக்டர்"னு எல்லாரும் சொன்னார்கள், நானும் பெருமையாக ஏற்றுக்கொண்டிருந்தேன்.

16/ இதே நான்கு விஷயத்தை ஒரு நோயாளி சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் தைராய்டு டெஸ்ட் எழுதியிருப்பேன். எனக்கு வந்தபோது காபி, மேடு, வயசு, மட்டமான கருவி என்று நான்கு காரணம் கண்டுபிடித்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தூக்கம் கெட்டும் சில வாரம் ஆகியிருந்தது, அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

17/ திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.ஹெச். அளவிட முடியாத அளவுக்குக் குறைவு, டி4 கூடுதல். நானே மருந்து எழுதிக்கொள்ளவில்லை, அது தப்பு. ஹார்மோன் நிபுணர் ஒருவரிடம் போனேன், என்னிடம் பயிற்சி எடுத்தவர். "சார், கையை நீட்டுங்க" என்றார். நீட்டினேன். மேஜையின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிரேவ்ஸ் நோய். நம் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தூண்டி அதிகம் சுரக்க வைப்பது.

18/ பயப்படும் நோய் இல்லை, ஆனால் கவனிக்காமல் விடும் நோயும் இல்லை. விட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம், எலும்பு பலம் குறையலாம். எனக்கு கார்பிமசோல், நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் ப்ரோப்ரானலால். யாருக்காவது கார்பிமசோல் ஓடுகிறதென்றால் ஒன்று: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ரத்த அணுக்கள் எண்ணிக்கை பாருங்க. ஆஸ்துமா உள்ளவர்கள் ப்ரோப்ரானலாலைத் தொடவே கூடாது.

19/ ஒரு வேடிக்கை. கையை நிதானமாக்கும் என்பதால் ப்ரோப்ரானலால் மாதிரியான பீட்டா பிளாக்கர்கள் சில விளையாட்டுகளில் போட்டி நேரத்தில் தடை. வாடா அமைப்பின் அந்தப் பட்டியலில் வில்வித்தை, துப்பாக்கி சுடுதலோடு கோல்ஃபும் இருக்கு. என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

20/ கை நடுங்குகிற எல்லோருக்கும் தைராய்டு என்று அர்த்தமில்லை. மெலிதான நடுக்கம் எல்லா மனிதனுக்கும் உண்டு. காபி, பதற்றம், தூக்கமின்மை, சல்புடமால் போன்ற ஆஸ்துமா மருந்து இதைக் கூட்டும். குடும்பத்தில் வருவதும் உண்டு. கை சும்மா மடியில் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அது வேறு கதை, நரம்பியல் டாக்டரைப் பாருங்க. நடுக்கம் புதிதாக வந்து, கூடவே எடை குறைந்து, வேர்த்து, நெஞ்சு படபடத்தால் ஒரு டி.எஸ்.ஹெச். பாருங்க.

21/ இரண்டு மாதம் கழித்து அதே மைதானம், அதே மூன்று கருவி, அதே கேடி அண்ணன். 147, 147, 148. மூன்றிலும். அண்ணன் எட்டிப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். கருவியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

22/ எதை வாங்கினேன்? நடு விலைக் கருவி. கண்ணாடி போட்டபடியே திரை முழுக்கத் தெரிந்தது, இருண்ட மரங்களின் பின்னணியிலும் எண் தெளிவாக இருந்தது. பேட்டரி எங்கே கிடைக்கும்னு பார்த்து வாங்குங்க. மூடுபனியில் எந்தக் கருவியும் தடுமாறும், பனியிலேயே லேசர் பட்டுத் திரும்பிவிடும்.

23/ ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்கும் ஸ்லோப் வசதி மலையில் உதவும். 150 கெஜத்தில் 5 டிகிரி ஏற்றம் என்றால் கொடி 13 கெஜம் உயரத்தில் இருக்கும், ஒரு மட்டை பெரிதாக எடுக்க வேண்டி வரும். ஆனால் 2019 முதல் நடப்பிலுள்ள விதி 4.3 தூரம் பார்க்க அனுமதிக்கிறது, உயர வித்தியாசம் பார்க்க அனுமதிப்பதில்லை. போட்டி ஆடுபவர்கள் அதை அணைக்கும் வசதி உள்ளதாக வாங்குங்க.

24/ நடுக்கத்தை ஈடுகட்டும் கருவியை வாங்கவில்லை. அது நல்ல கருவிதான், தேவைப்படுபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை முதலிலேயே வாங்கியிருந்தால் 152, 152, 152 என்று காட்டியிருக்கும், நானும் சந்தோஷமாக இன்னும் நான்கு கிலோ இளைத்திருப்பேன்.

25/ "என் பி.பி. மெஷின் சரியில்லை சார், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு காட்டுது"னு வரும் நோயாளிகளைப் பார்த்து மனசுக்குள் சிரித்திருக்கிறேன். இனி சிரிக்க மாட்டேன். மெஷின் மேல் சந்தேகமா, வீட்டில் இன்னொருவருக்கும் பார்த்துவிட்டு, பிறகு மெஷினையும் எடுத்துக்கொண்டு வாங்க. இரண்டு பேரையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.