நான் விட்டுவிட்ட வரி

என் முதல் கட்டுரைத் தொகுப்பில் மூன்றாவதாக இருக்கும் கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. தெரியாமல் எழுதிய பிழைகளும் அதில் உண்டு. அவற்றுக்காக வெட்கப்படுகிறேன், அவ்வளவுதான். ஆனால் கண்ணால் படித்த ஒரு வரியை, என் கட்டுரைக்கு இடைஞ்சல் என்பதால் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

கட்டுரை, கியூப எழுத்தாளர் அலெஹோ கார்பெந்தியர் 1949-இல் வெளியிட்ட ‘இவ்வுலகின் ராஜ்ஜியம்’ என்ற நாவலைப் பற்றியது. ஹெயிட்டி என்று இன்று நாம் அழைக்கும் நாடு பிரெஞ்சுக்காரர்களின் கையில் சேன்-தொமாங் என்ற பெயரோடு இருந்த நாட்களில் தொடங்கி, அடிமைகள் கிளர்ந்து எழுந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும், தி நோயேல் என்ற ஓர் அடிமையின் ஆயுசோடு சேர்த்துச் சொல்லும் சின்ன நாவல். தொண்ணூறுகளில் சிற்றிதழ்ப் பக்கம் இருந்த எங்கள் எல்லோர் வாயிலும் மாய யதார்த்தம் என்ற சொல் இருந்தது. அந்த வகை எழுத்தின் பெரிய பெயரான மார்க்கேஸைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவருக்கு முன்னோடி ஒருவரை நான் காட்டிவிட வேண்டும் என்று தவித்தேன். நண்பர் ஒருவரிடமிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. இரண்டு இரவுகளில் படித்தேன், மறுவாரமே எழுதினேன்.

என் கட்டுரையின் உயிர் ஒரு காட்சியில் இருந்தது. கரும்பு ஆலையில் கை நசுங்கிப்போன மக்காண்டால் என்ற அடிமை, மாடு மேய்க்க அனுப்பப்படுகிறான். மலையடிவாரத்தில் நஞ்சுச் செடிகளையும் காளான்களையும் இனம் கண்டுகொள்கிறான். பிறகு காட்டுக்குள் ஓடி மறைகிறான். அங்கிருந்து அவன் ஏவும் நஞ்சு தோட்டம் தோட்டமாகப் போய், முதலில் கால்நடைகளையும் பிறகு எஜமானர்களையும் கொல்கிறது. அவன் பல்லியாகவும் பறவையாகவும் உருமாறித் திரிகிறான் என்று அடிமைகள் நம்புகிறார்கள். கடைசியில் பிடிபடுகிறான். காப் நகரச் சதுக்கத்தில், அடிமைகளை எல்லாம் கூட்டிவந்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னால் அவனுக்குத் தீ வைக்கிறார்கள். கட்டு அறுகிறது. அவன் உடல் காற்றில் எழும்பிக் கூட்டத்துக்கு மேலே பறக்கிறது. மக்காண்டால் பிழைத்தான் என்று சதுக்கமே கூவுகிறது.

என் கட்டுரையில் காட்சி அங்கே முடிந்தது. மக்காண்டால் பறந்து போய்விட்டான் என்று எழுதி, அதற்குக் கீழே பறத்தல் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

நாவலில் காட்சி அங்கே முடியவில்லை. அதே பக்கத்தில், அந்தக் கூச்சலுக்கு நடுவே, சிப்பாய்கள் அவனை மடக்கிப் பிடித்துத் தலைகீழாகத் தீக்குள் திணிப்பதை மிகச் சிலர் மட்டுமே பார்த்தார்கள் என்று கார்பெந்தியர் எழுதியிருக்கிறார். ஒரு வரிதான். அதை நான் படித்தேன். பென்சிலால் ஓரத்தில் கோடு கூடப் போட்டிருந்தேன். அந்தப் பிரதி இன்னமும் என்னிடம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தபோது அந்த வரியைச் சேர்த்தால் பறத்தல் பற்றிய ஒன்றரைப் பக்கமும் ஆட்டம் கண்டுவிடும் என்று தெரிந்தது. விட்டுவிட்டேன்.

கட்டுரை சிற்றிதழில் வெளிவந்து ஒரு மாதம் இருக்கும். இன்லேண்ட் லெட்டர் ஒன்று வந்தது. சிறிய ஊர் ஒன்றில் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கும் ஆசிரியை. கட்டுரை மிகவும் பிடித்திருந்தது என்று தொடங்கி, இரண்டு சந்தேகங்களைக் கேட்டிருந்தார். பறந்து போன அந்த மனிதர் கதையில் திரும்பி வருகிறாரா? அடிமைகள் பிரெஞ்சுக்காரர்களை ஜெயித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பாக்கிக்கு என்ன செய்தார்கள், யார் தலைமை தாங்கினார்கள்? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார்.

முதல் கேள்விக்குப் பதில் தெரியும், சொல்ல முடியாது. இரண்டாவதற்குப் பதிலே தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. இலக்கியத்தை இலக்கியமாகப் படிக்க வேண்டும், தகவலுக்குக் கலைக்களஞ்சியம் இருக்கிறது என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். அவரிடமிருந்து பிறகு கடிதம் இல்லை.

எனக்கு ஏன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பெந்தியரின் நாவலில் புரட்சியின் பெரும்பகுதி நமக்குக் காட்டப்படுவதே இல்லை. 1791-இல் கிளர்ச்சி வெடிக்கிறது. கொஞ்ச நாளில் தி நோயேலை அவன் எஜமானன் கியூபாவின் சாந்தியாகோவுக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோகிறான். அவன் திரும்பி வரும்போது நாடு விடுதலை அடைந்திருக்கிறது. நடுவில் இருந்த போரை நடத்தியவர் தூசேன் லூவெர்த்தூர். நாவலில் தூசேன் என்ற பெயரில் ஒரு தச்சர் ஒரு வரியில் வந்து போகிறார், அவ்வளவுதான். இது நாவலாசிரியரின் உரிமை. வரலாற்றைப் பெரிய தலைவர்களின் பக்கமிருந்து சொல்லாமல் ஓர் அடிமையின் கண்மட்டத்திலிருந்து சொல்ல அவர் முடிவு செய்தார். அவருடைய வாசகர்கள் மீதியைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். நான் நாவலையே வரலாறு என்று எடுத்துக்கொண்டு, அதில் இல்லாதது நடக்கவேயில்லை என்பதுபோல எழுதினேன். ‘ஒருநாள் இரவு முரசு அதிர்ந்தது, விடிந்தபோது ஒரு நாடு எரிந்துகொண்டிருந்தது’ என்று ஒரு வாக்கியம் அந்தக் கட்டுரையில் உண்டு. அதைப் பலர் பாராட்டினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, சி.எல்.ஆர். ஜேம்ஸ் அந்தப் புரட்சியைப் பற்றி 1938-இல் எழுதிய ‘கறுப்பு ஜாக்கோபின்கள்’ கைக்கு வந்தது. அதிலிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் படிக்கத் தொடங்கினேன். ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள். பிரெஞ்சு தேசத்தின் மிகப் பெரிய சர்க்கரைக் கிடங்கு அந்தக் காலனி. நாவலில் வரும் எஜமானன் லெனோர்மான் த மெஸி கற்பனைப் பாத்திரம் அல்ல, நிஜமான தோட்ட முதலாளி. 1791 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, அவர் பெயரில் இருந்த தோட்டத்தில்தான் வடக்கு மாகாணத்தின் பல தோட்டங்களிலிருந்து சுமார் இருநூறு பிரதிநிதிகள் கூடினார்கள். பெரும்பாலோர் அடிமைகளை மேய்க்கும் மேஸ்திரிகளும் வண்டியோட்டிகளும். தாங்களும் அடிமைகளே என்றாலும் தோட்டத்துக்குத் தோட்டம் போய்வர வாய்ப்புள்ளவர்கள். கிளர்ச்சிக்கு நாள் குறிக்க வேண்டும், செய்தி யார் கொண்டுபோவது, எங்கே முதலில் தீ வைப்பது என்று பேச வந்த கூட்டம் அது. ப்வா கய்மான் காட்டில் கிளர்ச்சித் தலைவர் பூக்மன் நடத்திய வூடூ சடங்கு, இந்த ஏற்பாடுகளின் மேல் வாங்கிய சத்தியம். ஆகஸ்ட் 22 இரவு கிளர்ச்சி தொடங்கியது.

முரசு அதிர்ந்தது உண்மை. அதற்கு முன்னால் இருநூறு பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்கள் யோசிக்கக்கூடியவர்கள் என்பதே என் கட்டுரையில் இல்லை. எரிமலை, வெள்ளம், காட்டுத்தீ, எல்லா உவமையும் இருக்கிறது. ஒரு திட்டம் கூட இல்லை. ஹெயிட்டியில் பிறந்த வரலாற்றாசிரியர் மிஷெல்-ரோல்ஃப் த்ரூயோ, அடிமைகள் தாங்களாகவே ஒரு புரட்சியை நடத்த முடியும் என்பதை அந்தக் கால ஐரோப்பாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று எழுதியவர். அதைப் படித்தபோது, இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு தமிழ்ச் சிற்றிதழில் நானும் அதைத்தான் செய்திருந்தேன் என்று புரிந்தது.

அவரிடமே இன்னொரு அடியும் வாங்கினேன். அடிமையாக இருந்து மன்னனான ஆன்ரி கிறிஸ்தோஃப் கட்டிய அரண்மனையின் பெயர் சான் சூசி. ‘கவலையில்லை’ என்று பொருள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கட்டுரையில் ஒரு பத்தி அழகு காட்டியிருந்தேன். சான் சூசி என்ற பெயரில் ஒரு மனிதர் இருந்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். புரட்சிப் படையில் கர்னல். மற்ற தளபதிகள் பிரெஞ்சுப் படையோடு சமாதானம் ஆனபோதும் போரை விடாதவர். அவரைப் பேச்சுவார்த்தைக்கு என்று வரவழைத்துக் கொன்றது கிறிஸ்தோஃபின் ஆட்கள். அது நடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் பிறகு அந்த அரண்மனை எழும்பியது.

கட்டுரையின் முடிவும் தவறு. வெள்ளையர் போனார்கள், கறுப்பு மன்னன் வந்தான், அவனும் சவுக்கை எடுத்தான், ஆகவே புரட்சி வீண், மாயம் மட்டுமே மிச்சம் என்று முடித்திருந்தேன். 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, சுதந்திரத்தை அங்கீகரிக்க 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கேட்டார். அடிமைகளையும் நிலத்தையும் இழந்த முதலாளிகளுக்கு, அடிமையாக இருந்தவர்கள் கொடுக்க வேண்டிய பணம். பின்னால் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி என்று பல தலைமுறைகள் கட்டின. இதைத் தெரிந்துகொள்ளாமல் வீண் என்று எழுத எனக்கு என்ன தகுதி இருந்தது?

இத்தனையும் படித்து முடித்த பிறகுதான் தொகுப்பு வந்தது. என் குற்றத்தில் பெரியது இதுவே. மெய்ப்பு என் மேஜையில் இரண்டு வாரம் இருந்தது. திருத்த நேரம் இருந்தது, நீக்கவும் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டுரையால்தான் என்னைப் பலருக்குத் தெரியும். கூட்டங்களில் அந்த முரசு வாக்கியத்தைச் சொல்லித்தான் அறிமுகம் செய்வார்கள். ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற மாதம் நாவலை மறுபடி எடுத்தேன். மக்காண்டால் எரிந்த அன்று அடிமைகள் சிரித்துக்கொண்டே தோட்டங்களுக்குத் திரும்புகிறார்கள். தங்கள் ஆள் ஒருவன் எரிவதைப் பார்த்தும் இவர்களுக்கு உணர்ச்சியே இல்லையே என்று அன்றிரவு லெனோர்மான் த மெஸி மனைவியிடம் பேசி, அதிலிருந்து மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றித் தத்துவம் பிழிகிறான். சொற்பொழிவாற்றும் யோசனையும் அவனுக்கு உண்டு. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் உணர்ச்சியில்லை என்றான், நான் மாயம் என்றேன். இருவருமே அவர்களை வைத்துப் பேச்சு தயாரித்தோம்.

கட்டுரையை நீக்கிவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். அந்த ஆசிரியையின் முகவரி என்னிடம் இல்லை. எங்கிருந்தாலும் இது அவர் கண்ணில் படட்டும்.

டீச்சர், அந்த மனிதர் திரும்பி வரவில்லை. 1758 ஜனவரி 20 அன்று காப் நகரில் எரிக்கப்பட்டார். கட்டியிருந்த கம்பத்திலிருந்து அவர் விடுபட்டுத் துள்ளியதும், பிழைத்தான் என்று கூட்டம் கத்தியதும், மறுபடி பிடித்துத் தீயில் போட்டதும் வரலாற்றிலேயே இருக்கிறது. அவர் தப்பிவிட்டார் என்ற நம்பிக்கை மட்டும் சாகவில்லை. துப்பாக்கிகளில் பல எதிரியிடமிருந்து பறித்தவை. பக்கத்தில் ஸ்பானியர் வசமிருந்த பகுதியிலிருந்தும் ஆயுதம் வந்தது. தலைமை, முதலில் பூக்மன். கிளர்ச்சி தொடங்கிய 1791 நவம்பரிலேயே கொல்லப்பட்டார். பிறகு தூசேன் லூவெர்த்தூர். அவரை 1802-இல் வஞ்சகமாகப் பிடித்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று, ழூரா மலைக் கோட்டைச் சிறையில், குளிரில் இறந்தார். அவருக்குப் பிறகு தெஸாலின். 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் நெப்போலியனின் படையை அவர் தோற்கடித்தார். 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரம் அறிவித்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது நெருங்கியிருக்கும்.