ஒரு தோட்டமும் ஒரு தண்ணீர்க் குழாயும்

பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டபோது, கல்லூரி நாள்களைப் பற்றி எழுதுவதா, உத்தியோக நாள்களைப் பற்றி எழுதுவதா என்று சிறிது தடுமாறினேன். கிரிக்கெற் போட்டிகளையும் விடுதிச்சாலைச் சாம்பாரையும் ஆசிரியர்களுக்கு நாம் இட்ட பட்டப்பெயர்களையும் பற்றி என்னிலும் சுவையாக எழுத வல்லார் பலர் உளர். நானோ கல்லூரியை விட்டு வெளியேறிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன். டாக்டர், எஞ்சினியர், அப்புக்காத்து என்று நீளும் பழைய மாணவர் வரிசையில் ஒரு பரிசோதகனுக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில், கொழும்பிலுள்ள ஒரு தோட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

தோட்டம் என்றவுடன் யாழ்ப்பாணத்து மாணவன் வெங்காயத்தையும் புகையிலையையும் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பகுதிகளில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் கூலிவேலைக்கு வந்தோரைக் குடியிருத்துவதற்காக, வளவுக்காரர் தம் நிலத்தில் வரிசை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஓரறை வீடுகளின் கூட்டமே அங்கு தோட்டம் எனப்படும். சிங்களவர் அதனை 'வத்த' என்பர். சிங்களவர், இந்திய வமிசாவளித் தமிழர், முஸ்லிம்கள், மலாயர் யாவரும் ஒரே சுவரின் இரு புறமும் வாழ்வர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீட்டில் தும்முவர்.

களுத்துறையில் பயிற்சி முடித்து 1970 ஆம் ஆண்டில் இத்தகைய தோட்டமொன்று என் பொறுப்பில் வந்தது. இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் அமைக்கப்பட்ட ஊர் களுத்துறை. அங்கு கற்றவன் என்ற செருக்கு எனக்குக் கொஞ்சம் இருந்தது. காலை பத்து மணிக்குச் சைக்கிளில் போவேன். காற்சட்டை கசங்காமல் வாசலில் நிற்பேன். கழிவுநீர் தேங்கிய வீட்டுக்காரருக்கு அறிவித்தல் எழுதுவேன். அறிவித்தலுக்குப் பணியாதோர் மீது வழக்குத் தொடர்வேன். 'சுத்தம் சுகம் தரும்' என்று கீழ்வகுப்பிற் கொப்பியில் எழுதிப் பழகிய வாக்கியத்தையே பெரிய மனிதர் குரலில் அவர்களுக்குச் சொல்வேன்.

நீரைக் கொதிக்கவைத்துப் பருக வேண்டுமென்று ஒருநாள் ஓர் அம்மாவிடம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்ல தண்ணி கொதிக்க வைக்கிறதா, சோறாக்கிறதா? அதையும் சொல்லிட்டுப் போங்க."

நான் மறுமொழி கூறாது அடுத்த வாசலுக்குப் போனேன்.

அத்தோட்டத்தின் கடைக்கோடியில், மலசலகூடங்களுக்கு அருகில், ஆறு அறைகள் இருந்தன. நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் குடும்பங்கள் அவற்றில் வசித்தன. அவர்களுள் ஒரு பெண் இடியப்பம் அவித்து விற்று வந்தாள். அவள் அடுப்பு வைத்திருந்த இடத்துக்கும் கழிவுநீர்க் கானுக்கும் இடையே இரண்டு முழத் தூரம்கூட இல்லை. சட்டப்படி நான் செய்ததில் பிழையில்லை. வழக்கு வைத்தேன், நீதவான் தண்டம் விதித்தார். தண்டப் பணத்துக்காக அவள் அண்டாவை அடைவு வைத்தாள் என்று பின்னர் அறிந்தேன்.

1972 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவளுடைய மூன்று வயது மகனுக்கு வயிற்றோட்டம் கண்டது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் விடயம் பதிவாகும், பதிவானாற் பரிசோதகன் வருவான், வந்தால் மறுபடியும் வழக்கு வைப்பான் என்று அவள் அஞ்சினாள். இரண்டு நாள் மறைத்தாள். மூன்றாம் நாட் காலையிற் பிள்ளை இறந்துவிட்டது. உப்பும் சீனியும் அளவோடு கலந்த நீரைப் பருகக் கொடுத்தே இத்தகைய குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்பது அதற்கு முந்திய ஆண்டில்தான் வங்காள அகதி முகாம்களிற் கண்கூடாக மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அச்செய்தி எம்மிடம் வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன. எனினும் அப்பிள்ளையின் மரணத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. தாய் என் சைக்கிள் மணிக்குப் பயந்தாள். இதனை ஐம்பது ஆண்டுகளாக நான் எவருக்கும் எழுத்திற் சொன்னதில்லை.

அத்தோட்டத்துக்கு வந்துபோன மருத்துவமாது ஒரு சிங்கள அம்மையார். என்னிலும் பத்து வயது மூத்தவர். கொச்சைத் தமிழைத் தயக்கமின்றிப் பேசுவார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மல்லி, நீங்க பத்து மணிக்குப் போறது. ஒரு நாளைக்குக் காலையில நாலு மணிக்குப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

போனேன். எண்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரே குழாய்; அதுவும் தோட்டத்தின் முகப்பில். நகரம் விழித்தெழுந்த பின்னர் நீரின் அமுக்கம் குறைந்து குழாய் நூலாகிவிடும். ஆகவே உறங்கும் நேரத்திலேயே குடங்கள் வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. லாந்தர் வெளிச்சத்தில் அவ்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன் அறைக்காரரின் குடங்கள் முதலில். நடு அறைக்காரரின் குடங்கள் அடுத்து. கடைக்கோடி ஆறு வீட்டாரின் குடங்கள் அவ்வரிசையிலேயே இல்லை. இரண்டு முழம் தள்ளி, தனியே இருந்தன. எல்லாரும் நிரப்பிய பின்னர், எஞ்சினால், அவர்கள் முறை. அன்று அவர்கள் முறை வருமுன் குழாய் நின்றுவிட்டது. அப்பெண்கள் ஒரு சொல்லும் பேசாமல் வாளிகளை எடுத்துக்கொண்டு மலசலகூடத்தின் பின்புறமிருந்த பாழ்கிணற்றுக்குப் போனார்கள்.

1854 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளைப் படத்திற் குறித்து, புரோட் வீதியிலிருந்த ஒரு நீரிறை குழாயே காரணம் என்று கண்டு அதன் கைப்பிடியைக் கழற்றுவித்த வரலாற்றைக் களுத்துறையில் ஒப்புவித்துச் சித்தியெய்தியவன் நான். என் தோட்டத்துக்கு அப்படியொரு படம் வரைய வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை வரைந்தேன். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் பென்சிலாற் புள்ளியிட்டபோது, புள்ளிகள் பெரும்பாலும் கடைக்கோடியிற் போய்க் குவிந்தன.

கிணற்றின் கைப்பிடியைக் கழற்ற முடியாது. அதனை மூடினால் அவர்களுக்கு நீரே இல்லை. கிணற்றில் மருந்து தூவுவித்தேன். இரண்டாவது குழாயொன்றுக்காக எழுதத் தொடங்கினேன்.

இங்கே வாசகர் ஒன்றைக் கேட்கலாம். தள்ளி வைக்கப்பட்ட குடங்களை மற்றக் குடங்களுடன் சேர்த்து வைக்குமாறு அதிகாரத்தோடு சொல்லியிருக்கலாமே? சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டிலே துலாக் கிணறு ஒன்று இருந்தது. நல்ல நீர். எங்கள் வயலில் வேலை செய்தோர் அதன் கட்டிலே கால் வைக்கலாகாது. அவர்கள் சற்றுத் தள்ளி நின்று கையேந்த, பள்ளிக்கூடத்தால் வந்த நான் செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றியிருக்கிறேன். அதைப் புண்ணியம் என்றே எண்ணியிருந்தேன். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அவ்வாண்டில் நான் எமது கல்லூரியிற் சேர்ந்து, நகம் வெட்டியிருக்கிறதா என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். சட்டம் வந்த செய்தி எங்கள் கிணற்றடிக்கு வரவில்லை.

இரண்டாவது குழாயின் கதை நெடியது, சுருக்கமாகச் சொல்கிறேன். வளவுக்காரர் மறுத்தார். தனியார் நிலத்திற் செலவு செய்ய இயலாதென்று அலுவலகங்கள் கைவிரித்தன. வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் 1973 இல் வந்து, அளவுக்கு மேற்பட்ட வீடுகள் அரசின் வசமாகியபோது எங்கள் தோட்டமும் அதிற் சேர்ந்தது. அதன்பின் விண்ணப்பங்கள் மேசை மேசையாக நகர்ந்து, 1976 இல் அனுமதி கிடைத்தது.

எங்கே நாட்டுவது என்ற கேள்வி அப்பொழுதுதான் எழுந்தது. முகப்பிலேயே மற்றக் குழாய்க்குப் பக்கத்தில் நாட்ட வேண்டுமென்று முன் அறைக்காரர் வற்புறுத்தினர். கடைக்கோடியில் நாட்டினால், "அவங்க கொடத்துக்குப் பின்னால நம்ம கொடத்த வைக்கிறதா?" என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். கூட்டத்தில் நான் எழுந்து எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். சொற்பொழிவாக அல்ல, நாக்குத் தடுமாறிற்று. எவரும் அதனாற் பெரிதாக உருகிவிடவில்லை. மருத்துவமாது அம்மையார்தான், கேள்வி கேட்டவரின் மனைவியைப் பார்த்து, "உங்க மூத்த பிள்ளை பிறந்த இரவு கரண்டும் இல்ல, தண்ணியும் இல்ல. எனக்குக் கை கழுவ ஒரு வாளி தண்ணி கொண்டுவந்து தந்தது யார்? மறந்துபோச்சா?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்து, கடைசி அறைப் பக்கம் கையைக் காட்டினாள். குழாய் கடைக்கோடியில் நாட்டப்பட்டது. ஆறு மாதம் முன் அறைக்காரர் அங்கே வரவில்லை. பின்னர் ஒரு வரட்சியில் வந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்திலும் நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆனாற் சிவப்புப் புள்ளிகள் ஒரே மூலையிற் குவியவில்லை. இதனை வெற்றி என்று அறிக்கையில் எழுத முடியாது. இந்நாட்டிலே 1946 இல் ஆயிரம் குழந்தைகளுக்கு 141 ஆக இருந்த சிசு மரணம், அடுத்த ஆண்டிலேயே 101 ஆகக் குறைந்து, இன்று பத்துக்கும் கீழே வந்துவிட்டதென்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதே. ஆனால் சராசரி என்பது முன் அறையையும் கடைசி அறையையும் கூட்டி வகுத்து வருவது. பரிசோதகனுக்கு அது உதவாது.

1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்களிற் சுகாதாரத் தொண்டுக்கு அங்கேயே வாழும் இளைஞரையும் யுவதிகளையும் சேர்க்கத் தொடங்கினார்கள். இடியப்பக்காரியின் மூத்த மகள் அவ்வாறு தொண்டில் இறங்கினாள். தம்பியை இழந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. சீனியும் உப்பும் கலக்கும் முறையை நான் கற்றுக்கொடுத்த முதல் மாணவி அவளே. என் அறிவித்தல்களுக்கு அஞ்சிக் கதவடைத்த வீடுகள் அவளுக்குக் கதவைத் திறந்தன. அவளுடைய தாய் மட்டும் இறுதிவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரேயொரு முறை, மகள் கையில் இடியப்பம் கொடுத்தனுப்பினாள். பணம் வாங்க வேண்டாமென்றும் சொல்லியனுப்பினாளாம்.

1983 ஆடிக் கலவரத்தின் பின் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் பெற்று வந்தேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒருவரின் வளவில், முன்பின் அறியாத ஒருவரின் கிணற்றடியில், ஒரு பிளாஸ்ரிக் வாளியோடு நானும் வரிசையில் நின்றேன். வீட்டுக்காரர் தாமே அள்ளி ஊற்றினார். கட்டில் ஏற எங்களை விடவில்லை. கூட்டம் மிகுந்ததால் விடவில்லை என்பது எனக்குத் தெரியும். எனினும் கையேந்தி நின்றபோது பழைய நினைவுதான் வந்தது.

2017 ஆம் ஆண்டில் மகனைப் பார்க்கக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டவர்களாகப் பதிவாயினர். தலைநகரில் எங்கும் அதே பேச்சு. பழைய தோட்டத்தைத் தேடிப் போனேன். அது இருந்த இடத்திற் கொள்கலன்கள் அடுக்கப்பட்டிருந்தன. குடும்பங்களை ஒரு மாடிக்குடியிருப்புக்குக் கொண்டுபோய்விட்டார்களென்று சொன்னார்கள். அங்கே போனபோது மின்தூக்கி வேலை செய்யவில்லை. நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த என்னை, மேலிருந்து இறங்கி வந்த அந்த மகள் அடையாளம் கண்டாள். நரைத்துவிட்டாள். பதினோராம் மாடியில் வீடாம். வீட்டுக்கு வீடு குழாய் உண்டு, மலசலகூடம் உண்டு என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அன்று காலையில் ஓர் இளம் பரிசோதகர் வந்து, மேல்மாடிகளில் ஏழு வீட்டாருக்கு அறிவித்தல் எழுதிக் கொடுத்திருந்தார். தண்ணீர்ப் பீப்பாக்களில் நுளம்புக் குடம்பிகள் காணப்பட்டனவாம். டெங்கு நுளம்பு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். ஏறக்குறைய பத்து நாளிற் பறந்துவிடும். ஆகவே அப்பிள்ளை செய்ததிலும் சட்டப்படி பிழையில்லை. குழாய் இருக்கும் வீட்டிற் பீப்பா எதற்கு என்று நான் அவளைக் கேட்டேன்.

"மேல் மாடிக்குத் தண்ணி காலையில நாலு மணிக்குத்தான் ஏறுதுங்க ஐயா. அரை மணித்தியாலம். புடிச்சு வைக்காட்டி அன்னைக்கு முழுக்க இல்ல."

பம்பியைத் திருத்தித் தருமாறும், அதுவரை வழக்குத் தொடர வேண்டாமென்றும், பீப்பாக்களுக்கு வலைமூடி வழங்குமாறும் கேட்டு ஒரு மனு எழுத வேண்டுமென்றாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அவளுடைய பேர்த்தியின் அப்பியாசக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். அந்த இளம் பரிசோதகரை ஒருநாள் நாலு மணிக்கு வரச் சொல்லும்படியும் சொன்னேன். கையொப்பம் வாங்குவதற்கு நாலாம் மாடியிலிருந்தே தொடங்கலாமே என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. கொப்பியை இடுப்பிற் செருகிக்கொண்டு, உச்சி மாடியிலிருந்து தொடங்குவதற்காக மறுபடியும் ஏறத் தொடங்கினாள்.