அப்பத்தாவின் ஈரத்துணியும் என் அவசரத் தலைப்பும்!

2022 ஜூலை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் தலைமையிலான குழு, நரம்பைக் குளிரவைத்து வலியை அடக்கும் கருவியை உருவாக்கியிருப்பதாக 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்திருந்தது. டெஸ்க்கில் எனக்குத்தான் அந்தச் செய்தி. பத்தே நிமிஷத்தில் எழுதி, 'தீராத வலிக்கு இனி குட்பை!' என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டேன். நன்றாகவே ஓடியது.

அந்த லிங்க் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்து சேர்ந்தது. அப்பா அதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அப்பத்தாவுக்கு முந்தைய வருஷம் விலாவில் அக்கி வந்திருந்தது. ஊர் வழக்கப்படி காவி குழைத்து அக்கி எழுதினார்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கான மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கொப்புளம் காய்ந்தது, வலி மட்டும் தங்கிவிட்டது. சேலை உரசினாலே நெருப்பு வைத்த மாதிரி எரியும். பானைத் தண்ணீரில் துணியை நனைத்து விலாவில் போட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கும். (சிலருக்குக் குளிர்ச்சி பட்டால் இந்த வலி கூடிவிடும், அப்பத்தாவைப் பார்த்து நீங்களும் முயல வேண்டாம்.)

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"ஏத்தா, நீ எழுதுன மிஷினு மதுரைக்கு எப்ப வருது?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதன்பிறகுதான் அந்த ஆய்வை முழுசாகப் படித்தேன். காகிதம் போல மெல்லிய, அதிகபட்சம் 5 மி.மீ அகலமுள்ள பட்டை அது. நரம்பைச் சுற்றி உட்காரும். உள்ளே முடி போன்ற குழாய்கள். ஒன்றில் பெர்ஃப்ளூரோபென்டேன் என்ற திரவம், இன்னொன்றில் உலர்ந்த நைட்ரஜன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் திரவம் ஆவியாகி, சூட்டை இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகிற அதே கணக்கு. நரம்பு குளிர்ந்தால் வலிச் சமிக்ஞை மெதுவாகி, நின்றே போகும். ரொம்பக் குளிர்ந்தால் நரம்பே கெட்டுவிடும் என்பதால் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அதிலேயே உண்டு. வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும்.

எல்லாம் சரி. சோதித்தது எலிகளிடம். அதுவும், ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பில் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகான வலியை அடக்குவதற்காக யோசிக்கப்பட்டது.

"எலிக்குத்தான் வெச்சுப் பார்த்திருக்காங்க அப்பத்தா. மனுஷங்களுக்கு இன்னும் வரல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏத்தா, எலிக்கு எங்கிட்டு அக்கி வந்துச்சு?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே தலைப்பை மாற்றினேன். 'எலிகளிடம் சோதனை' என்று சேர்த்ததும் வாசிப்பு படுத்துவிட்டது.

குளிரால் வலியை மரக்கச் செய்வது புதிதும் இல்லை. 1807-ல் கடும்பனியில் நடந்த ஐலாவ் போரில், உறைந்த கை கால்களை வெட்டும்போது வீரர்களுக்கு வலி குறைவாக இருந்ததை நெப்போலியனின் சர்ஜன் லாரே கவனித்திருக்கிறார். இன்று ஊசி போன்ற கருவியால் நரம்பை உறையவைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. நரம்பு மறுபடி வளர்ந்ததும் வலி திரும்பலாம். அப்பத்தாவை வலிக்கான டாக்டரிடம் கூட்டிப்போனபோது இதைத்தான் முதலில் கேட்டேன். மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்றார். இப்போது பாதி குறைந்திருக்கிறது. தூக்கம் வருகிறது.

ஈரத்துணி மட்டும் திண்ணையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அப்பத்தா கேட்கும், "அந்த எலி நல்லாருக்காத்தா?"