மூன்றா, நான்கா?

பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்பவன் நான். அன்று அஸர் ஜமாஅத்தில் முதல் ஸஃப்பில் நின்றேன். உள்ளமோ மண்டியில் விலைபோகாத பெட்டிகளிடையே அலைந்தது. இமாம் இறுதி இருப்பில் அமர்ந்துவிட்டார். மூன்று ரக்அத்துகளே முடிந்தன என்று தோன்றியது. ஆயினும் வாய் திறக்கவில்லை. கவனமின்றி நின்றவன் எம்முகத்தோடு இமாமைத் திருத்துவது?

எனக்கு நேர் பின்னிருந்து ஒரு சிறுவன் "ஸுப்ஹானல்லாஹ்" என்றான். இமாம் எழுந்து நான்காம் ரக்அத்தை நிறைவேற்றி, ஸஜ்தா ஸஹ்வும் செய்தார்.

தனித்துத் தொழும்போது ஐயம் நீங்காவிடில் குறைந்த எண்ணிக்கையைக் கொள்ளலாம். ஜமாஅத்திலோ, உறுதியாய் அறிந்தவர் நினைவூட்டவேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை இரண்டு ரக்அத்துகளிலேயே ஸலாம் கொடுத்தபோது, அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் பேச அஞ்சி நிற்க, துல்யதைன் (ரலி) அவர்களே துணிந்து கேட்டதாக புகாரியில் காண்கிறோம். அவ்விருவரின் மௌனம் மரியாதையால் விளைந்தது. என்னுடையது அப்படியன்று.

வெளியே வந்ததும் அச்சிறுவனிடம், எவ்வாறு எண்ணிக்கை வைத்தாய் எனக் கேட்டேன்.

"மூணாவது ரக்அத்துலதானே மாமா உங்க செல்போன் அதிர்ந்துச்சு!" என்றான்.