பெயரில் மட்டும் நரம்பு

கொண்டைக்கடலை அளவே இருந்தது அந்தக் கட்டி. இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் தோளிலிருந்து அகற்றி, பார்மலின் குப்பியிலிட்டு எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். உடன் வந்த சீட்டில் 'கொழுப்புக் கட்டியா?' என்று ஒற்றைக் கேள்வி.

நுண்ணோக்கியில் கொழுப்பு ஏதும் தென்படவில்லை. தோலின் உள்ளடுக்கில் செல்கள் கூடுகூடாகத் திரண்டிருந்தன. சில பிளவுபட்டுக்கொண்டும் இருந்தன. எங்களில் மூத்தவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மெலனோமாவாகவும் இருக்கலாம்" என்றார். அதன்பின் யாரும் பேசவில்லை.

நரம்பைப் போர்த்தியுள்ள உறையிலிருந்தும் தோலில் தீங்கற்ற கட்டிகள் எழுவதுண்டு. அவற்றுள் சுவானோமாவை அறிவது பெரும்பாலும் எளிது. அதன் உட்கருக்கள் எதிரெதிர் வரிசைகளாக அணிவகுத்து நிற்கும். 1910இல் அதை விவரித்த வெரோகேயின் பெயராலேயே அந்த அமைப்பு வழங்குகிறது. எங்கள் முன் இருந்ததோ அத்தகைய முகவரி எதையும் தரவில்லை.

எஸ்-100 என்ற புரதத்தைத் தேடினோம். நரம்புறைச் செல்லும் நிறமிச் செல்லும் கருவில் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஆகவே இரண்டிலும் அச்சாயம் ஏறும். முடிவு வர மூன்று நாட்கள் ஆயின. பெண்ணின் தாயார் நாள்தோறும் வந்து வாசலில் அமர்ந்திருந்தார். "இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி அம்மா" என்று சொல்லும்போது அவர் கண்களை நாங்கள் தவிர்த்தோம்.

சாயம் ஏறவில்லை. நிறமிச் செல்லுக்கான பிற சோதனைகளும் இல்லையென்றே கூறின. அது செல்வகை நியூரோதெக்கியோமா, அரிதானது, தீங்கற்றது. 1980இல் காலகரும் ஹெல்விக்கும் நியூரோதெக்கியோமா என்று பெயரிட்டபோது அதை நரம்புறைக் கட்டி என்றே நம்பினர். கிரேக்கத்தில் 'தேக்கே' என்றால் உறை. எஸ்-100 ஏறும் சளித்தன்மைக் கட்டியே மெய்யான நரம்புறைக் கட்டி என்பதும், இது வேறு இனம் என்பதும் பின்னரே தெளிவாயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அறிக்கையை வாங்கிச் சென்ற தாயார் அரைமணியில் திரும்பி வந்தார். "நரம்புல கட்டின்னு மருந்துக் கடைத் தம்பி சொல்லுதே, பிள்ளைக்குக் கை விளங்காமப் போயிடுமா சார்?"

சரியான பெயரை எழுதிவிட்டால் எங்கள் பணி முடிந்தது என்றிருந்தோம். அவரை உட்காரவைத்து விளக்கினோம். கட்டி முழுமையாக அகற்றப்பட்டிருந்ததையும், அதே இடத்தில் மீண்டும் தடித்தால் காட்ட வேண்டும் என்பதையும் சொன்னோம். பிறகு அறிக்கையைத் திரும்ப வாங்கி, அடியில் தமிழில் ஒரு வரி சேர்த்தோம்: 'இது நரம்புக் கட்டி அன்று, புற்றும் அன்று.'

அவர் அதை இருமுறை வாசித்துவிட்டு, மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.