வம்பை விலைக்கு வாங்கலாம், வாங்க!

கொரட்டூர் ஸ்டேஷன் தாண்டி அம்பத்தூர் வர்றதுக்குள்ள மயக்கம் போட்டு விழுறது எப்படின்னு தெரியுமா ப்ரெண்ட்ஸ்? ரொம்ப ஈஸி. உங்க இடுப்பு 30 இன்ச்னு வெச்சுக்குங்க. மனசு மட்டும் '26 தான்'னு அடம்பிடிக்கும். மனசு பேச்சைக் கேட்டு ஆன்லைன்ல 26 சைஸ் கார்செட் வாங்குங்க. மே மாச மத்தியானத்துல, ப்ரெண்டு பர்த்டேக்கு அதை இறுக்கிக் கட்டிட்டுப் போய், ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டுட்டு, திருவள்ளூர் லோக்கல்ல ஏறுங்க. அவ்வளவுதான்!

எனக்கு அப்படித்தான் ஆச்சு. கண்ணுல பூச்சி பறந்துச்சு. காது அடைச்சுது. லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல பூ வித்துட்டிருந்த அம்மா ஒருத்தங்கதான் என்னைத் திருப்பி உட்காரவெச்சு, நார் நறுக்குற கத்தியால முதுகுல இருந்த கயிறை 'சரக்'னு அறுத்தாங்க. நுரையீரலுக்குள்ள காத்து போச்சு பாருங்க... சொர்க்கம்!

"ஏம்மா, மூச்சுக்குக் கூடவா ரேஷன் போட்டிருக்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு ஒரு ரவுண்டு அடிச்சேன். நீங்களும் வாங்க. செலவு கம்மி, மேட்டர் ஜாஸ்தி.

அது என்ன கோதிக்?

சாந்தோம் சர்ச் பார்த்திருப்பீங்க. 1896-ல் இப்போ இருக்கிற வடிவத்துக்கு வந்த கட்டடம். அந்தக் கூரான வளைவும் ஊசிக் கோபுரமும்தான் நியோ கோதிக் ஸ்டைல். இப்படிப்பட்ட பழைய கோட்டைகளுக்குள்ள பேய், சாபம், மர்மம்னு கதை சொல்ற நாவல்கள் இங்கிலாந்துல 1764-லயே ஆரம்பிச்சாச்சு. 1982-ல லண்டன்ல 'பேட்கேவ்'னு ஒரு கிளப் திறந்தாங்க. கருப்பு டிரெஸ், வெளுத்த முகம், அப்பிய கண் மை, சோகப் பாட்டு... கோதிக் ஃபேஷன் அங்கிருந்து பிச்சுக்கிட்டுப் போச்சு.

கருப்பு ஏன்? அங்க அது துக்கத்தோட நிறம். 1861-ல் கணவர் இறந்ததுல இருந்து 1901-ல் தன் கடைசி நாள் வரைக்கும் விக்டோரியா மகாராணி கட்டினது கருப்புதான். நம்ம ஊர்ல துக்கத்துக்கு வெள்ளை. கருப்பு? ஐயப்பனுக்கு மாலை போட்டா கருப்பு, பெரியார் தொண்டர்னா கருப்புச் சட்டை, சில வீடுகள்ல வளைகாப்புக்குக் கருப்புப் புடவை, குழந்தை கன்னத்துல திருஷ்டிப் பொட்டு. இவ்வளவையும் பார்த்து வளர்ந்த எங்க பெரியம்மா, என் கவுனைப் பார்த்து மட்டும் 'அபசகுனம்'னு சொல்றது என்ன நியாயம் பாஸ்?

அடுத்து கார்செட். மார்புல இருந்து இடுப்பு வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு. உள்ள நீள நீளமா 'எலும்பு' வெச்சிருப்பாங்க. அந்தக் காலத்துல அது திமிங்கிலத்தோட வாய்க்குள்ள இருக்கிற தகடு. பேருதான் எலும்பு, உண்மையில நம்ம நகம் மாதிரி பொருள். பின்னாடி வரிசையா ஓட்டை, அதுல கயிறு. 1820-கள்ல உலோக வளையம் போட்ட ஓட்டை வந்ததும், துணி கிழியுமோங்கிற பயமே இல்லாம இழுத்துக் கட்ட ஆரம்பிச்சாங்க. வினை அங்க ஆரம்பிச்சுது!

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்'னு தள்ளிடாதீங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ்ப் பேரகராதியில 'வம்பு'ங்கிற சொல்லுக்குப் பல அர்த்தம் இருக்கு. அதுல ஒண்ணு, மார்புக் கச்சு! ஆக, நான் 26 சைஸ்ல காசு கொடுத்து வாங்கினது அசல் வம்புதான்.

ஸ்டாப் 1: அம்பத்தூர்

1964-ல் ஆரம்பிச்ச அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், ஆயிரம் ஏக்கருக்கும் மேல. லேத்து, ஃபவுண்டரி, ஆட்டோ பார்ட்ஸ்தான் நமக்குத் தெரியும். கூடவே எக்ஸ்போர்ட் கார்மென்ட் கம்பெனிகளும் இருக்கு. காலையில பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல நின்னு பாருங்க. டிஃபன் பாக்ஸும் கையுமா இறங்குற அக்காங்க கூட்டத்துல, எங்க தெரு அக்காவும் ஒருத்தங்க.

அறுந்த கார்செட்டை அவங்ககிட்டதான் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. உள்பக்கத் தையலை நகத்தால நெருடினாங்க.

"இது நம்ம பிரின்சஸ் கட் ப்ளவுஸோட அக்கா மாதிரி இருக்கே பாப்பா!"

"தச்சுத் தர முடியுமாக்கா?"

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க. கம்பெனியில பதினாலு வருஷமா கஃப் மட்டும்தான் தைக்கிறாங்களாம். லைன்ல ஒருத்தருக்கு ஒரு வேலை. ஒருத்தர் காலர், ஒருத்தர் பாக்கெட், ஒருத்தர் பட்டன் ஓட்டை. சட்டை கைமாறிக் கைமாறி ஓடும். டெய்லரிங் கிளாஸ்ல கத்துக்கிட்ட முழு ப்ளவுஸெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியோட சரி. இப்போ வீட்டுல இருக்கிற மெஷின்ல ஃபால்ஸ் அடிக்கிறதோட நிறுத்திக்கிறாங்க.

"நான் தச்சதைப் போட்டவங்க முகத்தை ஒருநாளும் பார்த்ததில்ல. கெடுத்துட்டேன்னா திட்டக்கூடாது, சரியா?"

டேப்பை எடுத்தாங்க. நான் வயித்தை எக்கினேன். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. "மூச்சை விடு!" விட்டேன். "முப்பது!" தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாங்க. "இருபத்தாறு போடுங்கக்கா ப்ளீஸ்"னு இழுத்தேன். "டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது பாப்பா. முப்பதுன்னா சொல்லு, தைக்கிறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாரு."

எனக்கு முகம் சுருங்கிடுச்சு. 30-னு ஒரு நம்பரை ஒத்துக்க இவ்வளவு நேரமா? அன்னிக்கு நைட் பூக்கார அம்மாவோட கேள்வி திரும்பக் கேட்டுச்சு. காலையில போய் "முப்பதே போடுங்கக்கா"ன்னேன்.

என்னென்ன வாங்கணும்?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நடந்தா எல்லாமே கிடைக்கும்.

துணி: உள்பக்கத்துக்குக் கெட்டியான காட்டன் டிரில். இழுத்தா நீளுற துணி வேண்டவே வேண்டாம். மேல சாட்டினோ வெல்வெட்டோ உங்க இஷ்டம். நம்ம வெயிலுக்கு வெல்வெட் வேர்க்கும், யோசிச்சு வாங்குங்க. உடம்புல படுற லைனிங் கண்டிப்பா காட்டன்.

எலும்பு: திமிங்கிலத்துக்கு எங்க போறது? எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போங்க. அகலமான, கனமான கேபிள் டை கேளுங்க. தலையை வெட்டி, முனையை வட்டமா நறுக்கி, நெருப்புல லேசா காட்டி மழுக்கிடணும். இல்லேன்னா குத்தும். ஸ்டீல்ல வர்ற எலும்பும் நல்லதுதான். ஆனா வேர்வையில துருப்பிடிக்கலாம், பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஓட்டை வளையம்: ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில ஐலெட் மெஷின் இருக்கும். நம்ம துணியைக் கொடுத்தா 'டக் டக்'னு அடிச்சுக் கொடுத்துடுவாங்க. பித்தளை வளையமா கேளுங்க.

கயிறு: கெட்டியான பாவாடை நாடா. கருப்புல வாங்குங்க. ஜோலி முடிஞ்சுது!

எதுக்கு இத்தனை எலும்புன்னு எங்க டிபார்ட்மென்ட் பாஷையில சொல்றேன். கயிறை இழுக்கும்போது அந்த இழுவிசையைத் தாங்குறது துணி. துணி மட்டும் இருந்தா இடுப்புல சுருண்டு மடிஞ்சுடும். மடியாம நிமிர்த்தி நிறுத்துறது எலும்பு. ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல அரியர் வெச்ச எனக்கு, அந்தப் பாடம் புரிஞ்சது அக்கா வீட்டுத் தையல் மெஷின் பக்கத்துலதான்!

மொத்தம் 28 இன்ச்சுக்குத் தச்சாங்க. பின்னாடி 2 இன்ச் இடைவெளி விட்டுக் கட்டினா 30. அதாவது என் இடுப்பு என் இடுப்பாவே இருக்கும். அந்த இடைவெளியை அவமானமா நினைச்சுடாதீங்க, அது இருக்கத்தான் வேணும். கட்டினதும் நாலு டெஸ்ட் பண்ணுங்க: நல்லா மூச்சை இழுங்க, உட்காருங்க, படி ஏறுங்க, வாய்விட்டுச் சிரிங்க. ஒண்ணுல ஃபெயில்னாலும் லூஸ் பண்ணுங்க. முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், முதுகுவலி இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இந்தப் பக்கமே வராதீங்க.

ஸ்டாப் 2: ஆவடி

ஆவடிக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. டாங்க் ஃபேக்டரி எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கிற ஆர்டினன்ஸ் க்ளோதிங் ஃபேக்டரியும் இருக்கு. 2021 அக்டோபர்ல இருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் கம்பெனியோட ஒரு பிரிவு. எல்லைக்குப் போற சட்டை நம்ம பக்கத்து ஊர்ல தயாராகுதுன்னா கெத்துதானே!

ஆவடி கடைகள்ல பித்தளை பட்டன், அகல பெல்ட், கருப்பு பூட்ஸ் தேடிப் பாருங்க. கோதிக்ல 'மிலிட்டரி லுக்'னு ஒரு வகை உண்டு. சாதாரண கருப்புச் சட்டைக்குப் பித்தளை பட்டன் மாத்தி, மேல கார்செட் கட்டினா செம தூக்கல்.

எந்த இடத்துக்கு எது?

காலேஜ் கல்ச்சுரல்ஸ்: மேடைக்கு மட்டும் ஃபுல் கார்செட் கவுன். உள்ள மெல்லிய காட்டன் பனியன் கட்டாயம். கீழே கேன்கேன் வெச்ச பாவாடை. பஸ்ல கட்டிட்டுப் போகாதீங்க, அங்க போய் மாத்திக்குங்க. துப்பட்டா போட்டாத்தான் உள்ள விடுவேன்னு சொல்ற காலேஜா? கருப்பு நெட் துப்பட்டாவைத் தோள்ல கேப் மாதிரி பின் பண்ணிடுங்க. ரூலுக்கு ரூலும் ஆச்சு, ஸ்டைலுக்கு ஸ்டைலும் ஆச்சு!

தினசரி: மார்புக்குக் கீழே ஆரம்பிக்கிற குட்டைக் கார்செட்டை பெல்ட் மாதிரி குர்தா மேல கட்டலாம். எலும்பு நாலு போதும். ஸ்கூட்டி ஓட்டுறவங்க எலும்பே இல்லாம தைக்கச் சொல்லுங்க. குனிய முடியணுமே!

போட்டோ ஷூட்: ஆவடி - பூந்தமல்லி ரோட்டுல பருத்திப்பட்டு ஏரி. பேர்லயே பருத்தியும் பட்டும் இருக்கேன்னு துள்ளாதீங்க, ஊர்ப்பேர்ல வர்ற 'பட்டு'க்கு சின்ன ஊர்னுதான் அர்த்தம். காலை ஆறரைக்குத் தண்ணி மேல வர்ற வெளிச்சத்துல கருப்பு டிரெஸ் அள்ளும். எட்டு மணிக்கு மேல வெயிலுக்குப் பயந்து வீட்டுக்கு ஓடிடணும்.

கல்யாண ரிசப்ஷன்: இதுதான் ஃபைனல் எக்ஸாம். முழுக் கருப்பு போட்டு சொந்தக்காரங்க பி.பி.யை ஏத்தாதீங்க. ஒயின் சிவப்பு, பாட்டில் பச்சை, கத்தரிப்பூ கலர் எல்லாமே கோதிக் குடும்பம்தான். புடவைக்கு ப்ளவுஸா கார்செட் போடலாம். பந்திக்குப் போறதுக்கு முன்னாடி நாடாவை ரெண்டு இன்ச் தளர்த்துங்க. பாயசம் முக்கியம்!

ஸ்டாப் 3: பூந்தமல்லி

போன மாசம் பூந்தமல்லி டிரங்க் ரோடு மண்டபத்துல கசின் ரிசப்ஷன். கருப்புல அரக்கு பார்டர் பட்டு, அக்கா தச்ச அரக்கு கார்செட், தலை நிறைய மல்லி. பூவிருந்தவல்லிக்கு வந்துட்டுப் பூ வெக்காம இருந்தா எப்படி? கருப்புக்குப் பக்கத்துல மல்லி மாதிரி எடுப்பா எதுவும் இல்லைங்க.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. நான் மூச்சைப் பிடிச்சேன். (கார்செட் காரணமில்லை, பயம்!) "கருப்பு எதுக்குடி..."ன்னு ஆரம்பிச்சவங்க, பின்பக்கம் வந்து நாடாவையும் வளையத்தையும் தொட்டுப் பார்த்துட்டு, "இது யாரு தச்சது?"ன்னாங்க. பின்னாடி வரிசையில தன் பொண்ணோட உட்கார்ந்திருந்த அக்காவைக் காட்டினேன்.

அக்கா எழுந்து வந்தாங்க. என் முகத்தைப் பார்க்கலை. நேரா இடுப்புத் தையலைப் பார்த்தாங்க. ஒரு எலும்பு முனை லேசா மேல ஏறியிருந்துச்சு. "இதைப் பிரிச்சு அடிக்கணும் பாப்பா"ன்னாங்க. அப்புறம்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாங்க. பார்த்துட்டே இருந்தாங்க. "நல்லாருக்கு"ன்னு ஒரே வார்த்தை.

அன்னிக்கு நான் ரெண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். மூச்சு முட்டலை. நைட் ஆவடி வந்து லோக்கல் பிடிச்சப்போ, அந்தப் பூக்கார அம்மா இருக்காங்களான்னு தேடினேன். இல்லை. இருந்திருந்தா திரும்பி நின்னு அந்த ரெண்டு இன்ச் இடைவெளியைக் காட்டியிருப்பேன்.

என்ன, அக்கா நம்பர் வேணுமா? ஸாரி. அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. க்யூல முதல் ஆளா எங்க பெரியம்மா நிக்கிறாங்க... கருப்பு ப்ளவுஸுக்கு!